கார்த்திகைப்பூவுக்கு ஒரு பூச்சட்டி

கார்த்திகைப்பூவை வரையச் சொன்னால் எங்கட வயதுப் பெடியள் பெட்டையள் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். மேல்நோக்கி எரிகிற ஆறு இதழ், அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நவம்பர் கடைசி வாரம் ஃபோனைத் திறந்தால் அந்தப் பூதான். ரீசேர்ட்டில் பார்த்திருக்கிறோம், ஸ்டிக்கரில் பார்த்திருக்கிறோம், கையில் பச்சை குத்தினவர்களையும் தெரியும்.

சரி, அதின்ர இலை எப்படி இருக்கும்? அது மரமா, செடியா, கொடியா? விதையில் முளைக்குமா, கிழங்கிலா? வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற கொஞ்ச நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "செவ்வரத்தை மாதிரி பத்தையா வளரும் எண்டு நினைக்கிறன்" என்றார் ஒருவர். "ஒரிஜினலா ஒருக்காலும் கண்டதில்ல மச்சான்" என்றார் இன்னொருவர். கேட்ட ஆட்களில் அந்தச் செடியைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

இதுதான் எனக்குப் பிரச்சினையாகத் தெரியுது. ஒரு பூவுக்காகக் கோபப்படுகிறோம், அழுகிறோம், பயப்படுகிறோம். ஆனால் வேலியில் கண்டால் அடையாளம் தெரியாது. அதை இந்த நகரத்தில் வைத்து வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும் என்பது என்ர கருத்து. அது ஒரு சுலபமான கருத்து இல்லை என்பதும் தெரியும். ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காணுவோம்

தாவரவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. 1753ல் லின்னேயஸ் வைத்த பெயர். ஆண்டுக்கணக்காக உயிரோடிருக்கிற ஒரு பூண்டு, ஆனால் வருசம் முழுக்க மண்ணுக்கு மேலே இருக்காது. மழை வர முளைத்து, ஏறி, பூத்து, காய்த்து, பிறகு தண்டு காய்ந்து போய்விடும். மிச்ச மாதங்கள் கிழங்கு மண்ணுக்குள் நித்திரை. செத்துப்போச்சு என்று நினைத்துத்தான் கனபேர் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள்.

பூ இல்லாத நேரத்தில் இலையைப் பார்த்தே பிடித்துவிடலாம். நீளமான, கூரான, பளபளப்பான பச்சை இலை. அதின்ர நுனி மெலிந்து நீண்டு சுருள் கம்பி மாதிரி வளைந்திருக்கும். பாகல், புடோல் கொடிகளில் பற்றிப் பிடிக்கிற சுருள் தண்டிலிருந்து தனியாக வரும். இதில் இலையே கை நீட்டிப் பக்கத்து வேலியைப் பிடிக்கும். இந்த ஒரு அடையாளம் போதும்.

பூவில் கனபேர் கவனிக்காத ஒரு விசயம், அது தலைகீழாகத் தொங்குகிற பூ. காம்பு வளைந்து முகம் நிலத்தைப் பார்த்திருக்கும். இதழ்கள் மட்டும் பின்பக்கமாக மடிந்து மேலே எழும்பி நிற்கும். ஓரம் முழுக்க அலை அலையாக நெளிவு. ஆறு மகரந்தத் தண்டும் குடைக்கம்பி மாதிரி சுற்றிவர விரிந்திருக்கும். சூல்தண்டு அடியிலேயே முறிந்தது போல ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். நிறமும் ஒன்றில்லை. விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு மஞ்சளும் சிவப்பும், வாடுகிற நேரம் முழுச்சிவப்பு. ஒரே கொடியில் மூன்று வயதுப் பூவும் ஒன்றாகத் தொங்கும். நாங்கள் சின்னத்தில் வரைவது அந்த நடு வயதை மட்டும்தான்.

கிழங்கு ஆங்கில "வி" எழுத்து மாதிரி இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். கலப்பை போல இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றொரு பெயர். சமஸ்கிருதத்தில் லாங்கலி என்பதும் கலப்பையை வைத்து வந்த பெயர்தான். பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையில் கண்வலிக்கிழங்கு. கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ. சங்க இலக்கியத்தில் காந்தள். சிங்களத்தில் நியகலா. பக்கத்து வீட்டு ஆச்சியம்மாவிடம் "நியகலா" என்று சொல்லிப் பாருங்கள். கிராமத்திலிருந்து வந்தவர் என்றால் எங்களைவிட அவருக்கு இந்தச் செடியைப் பற்றிக் கூடத் தெரிந்திருக்கலாம்.

பூ எங்கட அரசியலைவிட வயது கூடியது

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அதில் முதலாவது காந்தள். குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே முருகனுடைய மலையில் காந்தள் பூத்திருக்கு. வெறியாட்டில் வேலன் சூடுகிற பூவும் இதுதான். பெண்களின் விரலுக்கும், பாம்பின் படத்துக்கும், நெருப்புக்கும் இதை ஒப்பிட்ட புலவர்கள் செடியைக் கிட்ட நின்று பார்த்தவர்கள். தொங்குகிற பூவில் மேலே எழும்பும் இதழைக் கண்டவருக்குத்தான் பாம்பு ஞாபகம் வரும்.

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். சிம்பாப்வேயின் தேசியப்பூவும் இதுதான். அந்த நாடு வெள்ளையர் ஆட்சியில் ரொடீசியாவாக இருந்த காலத்திலும் இதைத்தான் சின்னமாக வைத்திருந்தார்கள். 1947ல் இளவரசி எலிசபெத் அங்கே போனபோது தெற்கு ரொடீசியப் பாடசாலைப் பிள்ளைகள் சார்பில் கொடுத்த வைர ப்ரோச் இந்தப் பூவின் வடிவில் செய்தது. 1980ல் சுதந்திரம் வந்து நாட்டின் பெயர், கொடி, தெருப்பெயர்கள் எல்லாம் மாறின. பூவை மட்டும் ஆட்சிக்கு வந்தவர்கள் விட்டுவிடவில்லை. அடக்கினவர்கள் சூடின பூ என்று அதைத் தூக்கி எறிய அவர்களுக்குத் தோன்றவில்லை. அது எங்கட மண்ணில் முளைக்கிறது, எங்களுக்கும் சொந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கட கதை வேறு. விடுதலைப் புலிகள் இதைத் தமிழீழத்தின் தேசியப்பூவாக அறிவித்தார்கள். நவம்பர் 27ஐ ஒட்டிய கிழமைகளில் வடக்குக் கிழக்கு வேலிகளில் இயல்பாகவே பூக்கிற பூ, கொடியின் நிறமும் அதில் இருக்கு. 2009க்குப் பிறகு பூவைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. 2024ல் வடக்கில் ஒரு பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியில் கார்த்திகைப்பூ அலங்காரம் வைத்ததற்குப் பொலிஸ் விசாரணை வந்தது. பிள்ளைகள் மட்டையும் கடதாசியும் ஒட்டிச் செய்த பூவுக்கு வாக்குமூலம்.

கொழும்பில் இருக்கிற எங்கட குடும்பங்களுக்கு இந்தப் பயம் புதிசில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கம் லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அந்தக் காலத்தில் பெரியாக்கள் ஆனவர்கள் வீட்டில் எதை வைத்திருக்கலாம், எதை வைத்திருக்கக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு முன்னுக்கு இருக்க வேண்டும், படங்கள் உள்ளுக்கு இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் "உந்தப் பூ வேண்டாம் பிள்ளை" என்பதும் ஒன்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கணக்குத்தான் எங்களை உயிரோடு வளர்த்தது.

"அது வெறும் பூதானே" என்று சொல்லலாமா?

முற்போக்காகக் கதைக்கிற எங்கட ஆட்கள் சிலர் இந்தப் பிரச்சினைக்கு ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறார்கள். "அது வெறும் பூதானே, ஏன் பயப்பிடுறியள்?" கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது உண்மையில்லை.

வீட்டில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது வெறும் பூ இல்லை. அந்தப் பூவை வைத்து அழ ஒரு கல்லறைகூட மிஞ்சாத வீடுகள் இருக்கு. அதேமாதிரி, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைக்கும் அது வெறும் பூ இல்லை. அவர்களுக்கு அந்தச் சின்னம் ஞாபகப்படுத்துவது கையில் கொண்டுபோகக் கிடைத்த கொஞ்சப் பொருளையும், விட்டுவந்த வீட்டையும். இயக்கத்தாலேயே ஆளை இழந்த தமிழ்க் குடும்பங்களும் எங்கட லேனுக்குள்ளேயே இருக்கினம். இவ்வளவு பேரின் ஞாபகத்தையும் "வெறும் பூ" என்று தட்டிவிட எங்களுக்கு உரிமை இல்லை.

அப்படியென்றால் அதைச் சின்னமாக மட்டும் வைத்துக்கொள்வதா? அதிலும் எனக்கு உடன்பாடில்லை. சின்னத்தைக் காவல் காக்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். பூவைக் கண்டால் விசாரிக்கிற பொலிஸ் ஒரு பக்கம். செருப்பில் அந்தப் பூ மாதிரி ஒரு படம் வந்தால் கொதிக்கிற நாங்கள் மற்றப் பக்கம். கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் உண்மையான செடிக்கு என்ன நடக்குது என்று கேட்க ஆளில்லை. வேலிகள் மதிலாக மாறினால் அது ஏறுவதற்கு இடமில்லை. பற்றைக்காடு வெட்டிக் காணி துப்புரவாக்கினால் கிழங்கும் சேர்ந்து போகும். மருந்துக்கென்று கிழங்கைக் கிண்டி எடுத்தால் அந்த இடத்தில் அடுத்த வருசம் பூ இல்லை. சின்னத்தை அவமதித்தார்கள் என்று அறிக்கை விடுகிறோம். கிழங்கைக் கிண்டினதற்கு ஒரு அறிக்கையும் கண்டதில்லை.

நஞ்சையும் மறைக்காமல் சொல்லவேணும்

இந்தச் செடியை வளர்க்கச் சொல்கிறவர் முதலில் சொல்ல வேண்டியது அதின்ர நஞ்சைத்தான். கொல்ச்சிசின் என்ற வேதிப்பொருள் இதின்ர எல்லாப் பாகத்திலும் இருக்கு. கிழங்கிலும் விதையிலும் கூடுதல். கிழங்கை வத்தாளைக்கிழங்கு மாதிரி ஏதோ சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்களின் கதைகள் இலங்கை மருத்துவ இலக்கியத்தில் இருக்கு. சாப்பிட்டுச் சில மணித்தியாலத்தில் வாந்தி, வயிற்றோட்டம். பிறகு எலும்பு மச்சை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் தாக்கப்படலாம். தப்பினவர்களுக்கு ஒன்றிரண்டு கிழமையில் தலைமுடி கொத்தாகக் கொட்டும். இலங்கையில் கண்ட அப்படியொரு நோயாளியைப் பற்றி 1966லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் எழுதியிருக்கிறார்கள். கையில் தயாராக இருக்கிற மாற்று மருந்து இதற்கு இல்லை. யாராவது வாயில் வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறி வரட்டும் என்று பார்த்திருக்காமல் 1990க்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் செடி என்று டொக்டருக்குச் சொல்ல வேண்டும். பெயர் தெரிந்திருப்பது அந்த இடத்தில் உயிர்ப் பிரச்சினை.

அதே கொல்ச்சிசின்தான் கவுட் என்கிற மூட்டு வீக்க நோய்க்கு மருந்து. அதே கொல்ச்சிசினை வைத்துத்தான் தாவர விஞ்ஞானிகள் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்குகிறார்கள். நாங்கள் விரும்பிச் சாப்பிடுகிற விதையில்லாத வத்தகப்பழத்தின் பின்னால் இந்த வித்தை இருக்கு. தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் பக்கம் விவசாயிகள் இதைப் பந்தல் போட்டுத் தோட்டமாகவே செய்கிறார்கள். விதை மருந்துக் கம்பனிகளுக்கு ஏற்றுமதியாகிறது. சூல்தண்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதால் மகரந்தம் தானாகச் சேருவது குறைவு. அதனால் காலையில் ஆட்கள் பூப் பூவாகப் போய்க் கையால் தொட்டுவிடுகிறார்கள். விலையைத் தீர்மானிப்பது இடைத்தரகர்கள் என்பது அங்கத்தைய விவசாயிகளின் நீண்டகால முறைப்பாடு. ஜப்பானில் கோச்சிப் பக்கம் இதைக் கொத்துப் பூவாக விற்பதற்கே வளர்க்கிறார்கள்.

சித்த, ஆயுர்வேத வைத்தியத்திலும் இது இருக்கு. ஆனால் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை, லாங்கலியை உபவிஷங்களில் ஒன்றாகத்தான் ஆயுர்வேதம் வைத்திருக்கு. புறக்கோட்டை கபோஸ் லேனில் மருந்துச் சரக்குக் கடைகள் வரிசையாக இருக்கே என்று வாங்கி வந்து யூடியூப் பார்த்து வைத்தியம் செய்யிற வேலை மட்டும் வேண்டாம்.

எப்படி வளர்க்கிறது

வீட்டில் தவழுகிற வயதில் பிள்ளை இருந்தால், எதையும் சப்புகிற நாய்க்குட்டி இருந்தால், இந்தப் பகுதியை வாசித்துவிட்டு விட்டுவிடுங்கோ. பிள்ளை வளரும், பூவும் காத்திருக்கும்.

மற்றவர்களுக்கு இது கஷ்டமான செடி இல்லை. காட்டிலோ வேலியிலோ கிண்டி எடுக்க வேண்டாம். ஊரில் வீட்டுவளவில் நிற்கிறவர்களிடம் ஒரு கிழங்கோ முற்றின விதையோ கேளுங்கள். பத்தரமுல்லை தியத்த உயன பக்கம் செடிக்கடைகளில் "நியகலா" என்று விசாரித்தும் பார்க்கலாம். விதையில் வளர்த்தால் பூப் பார்க்க இரண்டு மூன்று வருசம், சிலவேளை அதைவிடவும் கூட எடுக்கும். நல்ல பருத்த கிழங்கென்றால் அந்த வருசமே பூக்கலாம்.

கிழங்கின் ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளைக்கண் இருக்கு. அந்த நுனி முறிந்தால் முளையாது. இஞ்சி மாதிரி எங்கே வெட்டி நட்டாலும் வரும் என்று நினைக்கக் கூடாது. 12 அங்குலத்துக்குக் குறையாத ஆழமான சட்டி, அடியில் கட்டாயம் துளை. மண்ணோடு மணலும் தும்புத்தூளும் கொம்போஸ்டும் கலந்து, தண்ணி நிற்காமல் ஓடுகிற மாதிரி இருக்க வேண்டும். கிழங்கைப் படுக்கையாக வைத்து மூன்று அங்குலம் அளவுக்கு மண் மூடினால் போதும்.

கொழும்பில் இந்தச் செடிக்கு எதிரி வெயிலைவிட மழைதான். அது பிறந்து வளர்ந்த வரண்ட வலயத்தில் மழைக்காலம் ஒன்று, காய்ச்சல் காலம் நீளம். இங்கே மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை, ஒக்டோபரில் திரும்ப மழை. நித்திரை கொள்ளுகிற கிழங்கில் தண்ணி நின்றால் அழுகிவிடும். கொடி காய்ந்ததும் சட்டியை மழை படாத மூலைக்கு இழுத்துவிட்டு, தண்ணி விடுவதை நிறுத்துங்கள். புது முளை தெரிந்த பிறகு வெளியே எடுத்தால் போதும். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கிற ஃபிளட்காரருக்கு உப்புக்காற்றும் ஒரு தலையிடி. பல்கனியின் உட்பக்கம், காலை வெயில் படுகிற இடம் நல்லது. ஏறுவதற்கு கிறில் இருந்தால் அதுவே காணும், இல்லாவிட்டால் நாலு கயிறு கட்டிவிடுங்கள். மிச்சத்தை இலைநுனி பார்த்துக்கொள்ளும்.

கறுப்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட ஒரு புழு வரலாம். இந்த நஞ்சைத் தின்றே வளருகிற அந்துப்பூச்சியின் புழு அது. இரண்டு மூன்று என்றால் கையுறை போட்டுப் பொறுக்கி விடுங்கள். கிழங்கைத் தொடும்போதும் கையுறை வேண்டும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கைகழுவ வேண்டும். எடுத்த கிழங்கைக் குசினிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. போத்தலில் போட்டு, "நஞ்சு, சாப்பிட வேண்டாம்" என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வேலைக்கு வருகிறவருக்கும் சொல்லி வையுங்கள்.

ஏன் இவ்வளவு பாடு?

"ரோசா வளர்த்தால் காணாதா? ஏன் வம்பை விலைக்கு வாங்குவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாரும் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயமுள்ள வீட்டில் பெரியாக்களோடு சண்டை பிடித்து வைக்கவும் வேண்டாம். வாடகை வீட்டில் இருக்கிறவரின் நிலைமை வேறு, சொந்த வீட்டுக்காரரின் நிலைமை வேறு. துணிச்சலை மற்ற ஆளின் பல்கனியில் காட்டக் கூடாது.

ஆனால் முடிந்தவர்கள் வளர்த்தால் இரண்டு நன்மை இருக்கு. ஒன்று, சிங்களம் கதைக்கிற பக்கத்து வீட்டு மனிசன் மதிலுக்கு மேலால் பார்த்து "ஆ, நியகலா!" என்பார். அந்த இடத்தில் ஒரு கதை தொடங்கும். அவர் தன் ஊர்ப் பற்றையில் கண்டதைச் சொல்லுவார், நாங்கள் எங்கட வேலியைச் சொல்லலாம். இந்தப் பூ எங்களுக்கு ஏன் நோகும் என்பதை ஒரு நாள் சொல்லக்கூடிய அளவுக்கு அந்தக் கதை வளரலாம், வளராமலும் போகலாம். பதாகையை வைத்து அந்தக் கதையைத் தொடங்க எனக்குத் தெரிந்து ஒருவராலும் முடியவில்லை.

இரண்டாவது எங்களுக்கே. 2000க்குப் பிறகு கொழும்பில் பிறந்த எங்களுக்கு ஊரின் கனவிசயங்கள் படமாகத்தான் வந்து சேர்ந்தன. கோயில் தேர், பனங்காணி, வேலி, யுத்தம், எல்லாமே ஆரோ எடுத்த படம். படத்தை வைத்துக்கொண்டு கோபப்படலாம், லைக் போடலாம். ஆனால் படத்துக்குத் தண்ணி விடத் தேவையில்லை, அது அழுகாது, நஞ்சும் இல்லை. உண்மையான செடி மூன்று மாதம் பூக்காமல் இருந்து பொறுமையைச் சோதிக்கும். நவம்பரில்தான் பூக்கும் என்றும் இல்லை. கொழும்பு மழைக்கு ஜூலையில் பூத்துத் தொலைக்கலாம். அப்போது அதைப் பார்த்து என்ன நினைக்கிறது என்று எங்களுக்கு ஆரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நாங்களேதான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒக்டோபர் மழை தொடங்க இன்னும் நேரம் இருக்கு. ஊருக்குப் போகிறவர்கள் வரும்போது ஒரு கிழங்கு கொண்டுவாருங்கள், நுனி முறியாமல் கடதாசியில் சுற்றி. பையில் சாப்பாட்டுச் சாமானோடு மட்டும் போட்டுவிடாதேங்கோ.